கீழ் எல்லை இல்லாத எண்

ரிப்போர்ட்டை வாங்கியதும் ஜனங்கள் முதலில் தேடுவது தடித்த எழுத்தை. எங்கள் கம்ப்யூட்டரின் வழக்கம் அது. ஓர் எண் எல்லை தாண்டினால் கறுப்பாகத் தடித்துப் பக்கத்தில் அம்புக்குறியும் போட்டுவிடும். தாண்டாவிட்டால் மெல்லிய எழுத்தோடு விட்டுவிடும். மயிலம் பக்கத்துக்காரர் ஒருவரை அவருடைய மகன் ‘ஃபுல் பாடி செக்கப்’ என்று அழைத்து வந்திருந்தார். மகனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. சாயங்காலம் ரிப்போர்ட்டை வாங்கி என் முன்னாலேயே விரலை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திச் சிரித்தார். “மொத்தக் கொலஸ்ட்ரால் 84 தான் மேடம். எனக்கே 210 இருக்கு. அப்பாவுக்கு ஹார்ட்டப் பத்திக் கவலையே இல்ல போலிருக்கே.”

அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கை கால் வற்றிப்போய், வயிறு மட்டும் வேட்டிக்கு மேலே முன்னால் தள்ளி நின்றது. கண் மஞ்சள். கணுக்கால் வீங்கியிருந்தது. காலையில் ஊசி போடும்போதே பார்த்திருந்தேன், முழங்கையில் நான் அழுத்திய இடம் வெகுநேரம் கன்றிப்போய்க் கிடந்தது.

நான் டாக்டர் இல்லை. திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்தும் டெக்னீஷியன். எண்ணைச் சரியாக எடுத்துக் கொடுப்பது என் வேலை, அதற்குப் பொருள் சொல்வது மருத்துவர் வேலை. அதனால் அந்தப் பையனிடம், “தம்பி, நாளைக்கு நாளன்னைக்குன்னு வைக்காதீங்க, இன்னைக்கே பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று மட்டும் சொன்னேன். ஆனால் அந்த 84 சந்தோஷப்படுகிற எண் இல்லை. ஏன் இல்லை என்பதைக் கவுன்ட்டரில் நின்று சொல்லி முடிக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் நேராக ‘நார்மல்’ அளவு அச்சாகியிருக்கும். ஹீமோகுளோபினுக்கு இத்தனை முதல் இத்தனை வரை என்று இரண்டு எல்லை. சர்க்கரைக்கும் அப்படியே. மொத்தக் கொலஸ்ட்ராலுக்கோ ‘200க்குக் கீழ்’ என்று ஒரே எல்லை. 199உம் அதற்குள் அடங்கும், 84உம் அடங்கும். அந்த எல்லை மாரடைப்பை மனதில் வைத்துக் குறித்தது. குறைந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. கம்ப்யூட்டரும் 84ஐத் தடிக்காமல் விட்டுவிட்டது.

கொலஸ்ட்ராலை வில்லனாக்கி நாம் ரொம்ப நாளாகப் பேசிவிட்டோம். அது இல்லாமல் ஒரு செல்லுக்கும் சுவர் இல்லை. பித்த நீரின் அமிலங்கள் அதிலிருந்துதான் உருவாகின்றன. உடம்பு ஆபத்தில் இருக்கும்போது அட்ரினல் சுரப்பி விடும் கார்ட்டிசால் ஹார்மோனுக்கும் அதுவே மூலப்பொருள். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி முட்டையிலும் கறியிலும் இருந்து வந்ததல்ல, உடம்பே செய்துகொண்டது. அந்த வேலையில் முதலிடம் ஈரலுக்கு. கொழுப்பு தண்ணீரில் கரையாது என்பதால் அதைப் புரதத்தோடு சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கி ரத்தத்தில் அனுப்புவதும் பெரும்பாலும் ஈரல்தான். நாம் கெட்ட கொலஸ்ட்ரால், நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல்., எச்.டி.எல். எல்லாம் அந்த உருண்டைகளின் வகைகள். ஆக, லிபிட் புரொஃபைல் என்பது இதயத்துக்கான பரிசோதனை மட்டும் இல்லை. ஈரல் வேலை செய்கிறதா என்பதும் அதில் தெரியும், பார்க்கத் தெரிந்தால்.

மயிலத்துக்காரரின் முழு லிபிட் கணக்கு இது: மொத்தம் 84, எல்.டி.எல். 55, டிரைகிளிசரைடு 75, எச்.டி.எல். 14. கடைசி எண் மட்டும் தடித்திருந்தது, 40க்கு மேல் இருக்க வேண்டும் என்பதால். மகன் அதையும் பார்த்துவிட்டு, “நல்லது கம்மியா இருக்கு, வாக்கிங் போகச் சொல்றேன்” என்றார். அந்த மனிதர் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பதற்கே கதவைப் பிடித்துக்கொண்டார்.

என் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். காமாலை அதிகமுள்ள சீரத்தில் கொலஸ்ட்ரால் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். சோதனையின்போது பெராக்சிடேஸ் என்ற என்சைம் உண்டாக்கும் சிவப்பு நிறத்தை வைத்துத்தான் அளக்கிறோம். காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் குறுக்கே வந்து அந்த நிறத்தை மங்க வைத்துவிடும். ஆகவே அவருடைய 84 உண்மையில் 90 ஆகக்கூட இருந்திருக்கலாம். 160 ஆக இருந்திருக்காது.

ரிப்போர்ட்டில் இன்னொரு வரி இருந்தது. எச்.பி.எஸ்.ஏ.ஜி.: பாசிட்டிவ். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று பொருள். மகனுக்கு அது புதுச் செய்தி. அப்பாவுக்கு இல்லை. பல வருஷம் முன்பு ஊரில் நடந்த ரத்ததான முகாமுக்குப் பிறகு கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவர் காமாலைக்குப் பச்சிலை கொடுக்கும் ஒருவரிடம் போய் அரைத்துக் குடித்திருக்கிறார், பத்தியம் இருந்திருக்கிறார், உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. அத்தோடு மறந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இந்த வைரஸ் இருப்பது தெரியவரும் வழிகள் கொஞ்சம்தான். ரத்ததானம் ஒன்று. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் பரிசோதனை ஒன்று. மூன்றாவது, வளைகுடா வேலைக்குப் போக மெடிக்கல் எடுக்கும்போது. அதில் பாசிட்டிவ் வந்தால் வேலை போச்சு. இருபத்துச் சொச்சம் வயசுப் பிள்ளைகள், உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர்கள், ஏஜென்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்து என் கவுன்ட்டரில் நின்று, “இன்னொரு தடவை போட்டுப் பாருங்க மேடம்” என்பார்கள். மறுபடி போட்டாலும் அதே கோடு. விசா போன துக்கத்தில் ஈரலைப் பற்றிக் கேட்க மறந்து போகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் 2 கோடியே 98 லட்சம் பேர். சி வகை 55 லட்சம் பேர். உலகம் முழுக்க அந்த ஆண்டு ஈரல் வைரஸ்களால் இறந்தவர்கள் 13 லட்சம்.

மயிலத்துக்காரர் வாழ்நாளில் குடித்தவர் இல்லை. ஆனால் வயிறு வீங்கியதும் ஊர் முதலில் கேட்டது அதைத்தான். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பலர் செத்ததிலிருந்து, எங்கள் மாவட்டத்தில் ஈரல் என்றாலே சாராயம் என்றாகிவிட்டது. அந்தச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால். அது ரத்தத்தை அமிலமாக்கி, கண்ணையும் மூளையையும் அடித்து, ஒன்றிரண்டு நாளில் ஆளை முடிப்பது. வருஷக்கணக்காக ஈரலைச் சுருக்குகிற நோய் வேறு. சாராயம் அதற்கு ஒரு காரணம், வைரஸ் இன்னொரு காரணம். குடிக்காதவருக்கும் ஈரல் சுருங்கும் என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை. அந்த அம்மா, அவர் மனைவி, இதை ஊரில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தார்.

வைரஸ் ஈரலுக்குள் போகும் வழியே கொலஸ்ட்ராலோடு சம்பந்தப்பட்டது என்பது எனக்குப் படித்தபோது வியப்பாக இருந்தது. கொலஸ்ட்ராலிலிருந்து ஈரல் செய்யும் பித்த அமிலங்கள் குடலுக்குப் போய் வேலை முடித்துவிட்டு ரத்தம் வழியாகத் திரும்பும். அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ள ஈரல் செல்லின் மேல் ஒரு புரதம் உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸ் அதே புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நுழைகிறது. 2012இல் பெய்ஜிங்கில் லீ வென்ஹூயி குழுவினர் கண்டுபிடித்தது இது. சி வைரஸ் இன்னும் ஒரு படி மேல். அது ஈரல் செய்யும் கொழுப்பு உருண்டைகளைத் தன்மேல் சுற்றிக்கொண்டே ரத்தத்தில் திரியும். மருந்து கொடுத்து சி வைரஸை ஒழித்ததும் பல பேருக்குக் கொலஸ்ட்ரால் ஏறுவது இதனால்தான்.

பி வைரஸ் நேரடியாக ஈரல் செல்லைக் கொல்வதில்லை. நம்முடைய எதிர்ப்பு சக்தி வைரஸ் புகுந்த செல்களைத் தேடித் தேடி அடிக்கிறது. அடிபட்ட இடத்தில் தழும்பு. தழும்பு மேல் தழும்பு. இருபது, முப்பது வருஷத்தில் ஈரல் முண்டும் முடிச்சுமாக இறுகிவிடும். இதற்கிடையில் அடித்துக்கொண்டே இருந்த டி செல்களும் களைத்துப் போகின்றன. வைரஸைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டும் கை ஓங்காத நிலை. விஞ்ஞானிகளே இதைக் களைப்பு என்றுதான் பெயரிட்டு அழைக்கிறார்கள்.

இறுகிய ஈரலால் எதிர்ப்பு சக்தி ஏன் போகிறது? எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். தெற்கேயிருந்து சென்னை போகிற பஸ்களும் லாரிகளும் பெரும்பாலும் திண்டிவனத்தைத் தொட்டுத்தான் போகும். அது மாதிரி வயிறு, குடல், மண்ணீரலிலிருந்து கிளம்பும் ரத்தம் முழுவதும் ஈரலுக்குள் நுழைந்துதான் இதயத்துக்குப் போக முடியும். குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவையோ அவற்றின் தோல் துணுக்குகளோ கொஞ்சம் கசிந்து அந்த ரத்தத்தில் ஏறிவிடும். ஈரலின் ரத்தக் குழாய்களில் உட்கார்ந்திருக்கும் கூப்ஃபர் செல்கள் அவற்றை வண்டியை நிறுத்திப் பிடித்து இறக்கிவிடும். உடம்பில் ஓரிடத்தில் நிலையாக இருந்து கிருமியை விழுங்கும் செல்களில் பத்துக்கு எட்டு ஈரலில்தான் இருக்கின்றன. ஈரல் இறுகிப் பாதை அடைபட்டால் வண்டிகள் பைபாஸ் பிடிக்கின்றன. இரைப்பை, உணவுக்குழாய்ச் சிரைகள் வழியாக, சோதனை ஏதுமில்லாமல், நேராக உடம்புக்குள்.

எச்.டி.எல். 14 என்பதற்குப் பொருள் இங்கேதான் கிடைக்கிறது. நல்ல கொலஸ்ட்ரால் என்றால் ரத்தக் குழாய் அடைப்பைத் தடுப்பது என்று மட்டும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. எண்டோடாக்சின் என்கிற பாக்டீரியாவின் தோல் நஞ்சை எச்.டி.எல். உருண்டைகள் தம்மோடு ஒட்டவைத்துச் செயலிழக்கச் செய்கின்றன. 1996இல் ஆம்ஸ்டர்டாமில் ஆரோக்கியமான 8 ஆண்களுக்குக் கொஞ்சம் எண்டோடாக்சினை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். செயற்கையாகச் செய்த எச்.டி.எல்.லை முன்கூட்டியே கொடுத்தபோது அதே ஆட்களுக்குக் குளிரும் மற்ற தொந்தரவுகளும் குறைந்தன. ஈரல் முற்றிய நோயாளியிடம் இந்த உருண்டைகளே குறைவு, இருப்பவையும் உருவம் மாறி வேலை செய்யாதவை. அட்ரினல் சுரப்பிக்கும் மூலப்பொருள் போதாது. குடல் நஞ்சு இறைந்துகொண்டே இருப்பதால் உடம்பு முழுக்க அழற்சி கனன்றுகொண்டிருக்கும், ஆனால் நிஜமாகவே ஒரு கிருமி வந்தால் எதிர்க்கத் தெம்பு இருக்காது. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில்.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஈரல் செயலிழந்துவரும் நோயாளிகளில் யார் பிழைப்பார்கள் என்பதை எச்.டி.எல். அளவும் அதன் முக்கியப் புரதமும் நன்றாகவே முன்கூட்டிக் காட்டின. மருத்துவமனைகளில் இப்போது தீவிரத்தைக் கணக்கிடும் அட்டவணைகளில் பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், கிரியாட்டினின் எல்லாம் உண்டு, கொலஸ்ட்ராலுக்கு இடம் இல்லை. என்னைக் கேட்டால், முப்பது நாற்பது ரூபாய் ரசாயனத்தில் கிடைக்கும் ஒரு தகவலை நாம் கண்டுகொள்ளாமல் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

மெல்லிய எழுத்தில் வந்து ஏமாற்றியது கொலஸ்ட்ரால் மட்டுமில்லை. எஸ்.ஜி.பி.டி. 31. நார்மல். ஈரல் செல் உடையும்போது ரத்தத்தில் கசிவது அந்த என்சைம். உடைவதற்குச் செல்லே அதிகம் மிச்சமில்லாதபோது அதுவும் ஏறாது. வெள்ளணுக்கள் 4,800. அதுவும் நார்மல். ஆனால் இந்த நோயில் மண்ணீரல் வீங்கி வெள்ளணுக்களையும் தட்டணுக்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அவருக்குத் தட்டணு 62,000தான். அப்படிப்பட்டவருக்கு வழக்கமாக வெள்ளணு 2,500 இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 4,800 என்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. உள்ளே எங்கோ கிருமி புகுந்திருக்கலாம். காய்ச்சல் வந்தால்தான் தொற்று என்று நாம் நினைக்கிறோம், இவர்களில் பலருக்குக் காய்ச்சலே வராது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதமும் ஈரல் செய்வது என்பதால் அதுவும் போதுமான அளவு ஏறாமல் போகலாம். லேசான வயிற்று வலி, தூக்கத்தில் புலம்பல், ராத்திரி முழித்துப் பகலில் தூங்குதல், சிறுநீர் குறைதல், அவ்வளவுதான் அறிகுறி.

மகன் அன்று ராத்திரியே அவரைக் கோரிமேடு ஜிப்மருக்குக் கொண்டுபோனார். திண்டிவனத்திலிருந்து பாண்டி போகிற பஸ் ஜிப்மர் வாசலைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழையும். விழுப்புரம் பக்கத்து ஜனங்களுக்கு முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்களுக்குப் பழக்கம் ஜிப்மர்தான். வயிற்றில் கோத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் ஊசியால் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கன மில்லிமீட்டருக்கு நியூட்ரோஃபில் செல்கள் 250ஐத் தாண்டினால் தண்ணீரில் தொற்று என்று அர்த்தம். அவருக்குத் தாண்டியிருந்தது. வலியோ காய்ச்சலோ பெரிதாக இல்லை. ஆன்டிபயாட்டிக்கோடு ஆல்புமின் பாட்டிலும் ஏற்றினார்கள். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் சிறுநீரகம் கெடுவதும் சாவும் குறையும் என்று பார்சிலோனாவில் 1999இல் காட்டிய பிறகு உலகமெங்கும் அதுதான் வழக்கம்.

பச்சிலை விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதினால் எனக்குத் திட்டு விழும் என்று தெரியும். ஏனென்றால் காமாலைப் பச்சிலையான கீழாநெல்லியை யாரும் சும்மா நம்பவில்லை. இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய பாரூக் பிளம்பர்க்கே அதை ஆராய்ந்தவர். அவரோடு சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் செய்த ஆய்வு 1988இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. தியாகராஜன் பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனவர். கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் அடைத்து, தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். வைரஸ் தாங்கிய 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. மருந்தில்லாத வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் அதே மாதிரி செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. பின்னால் வந்த மொத்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள், நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். எடுத்த செடியின் வகை வேறா, பருவம் வேறா, நோயாளிகள் வேறா என்ற விவாதம் நடந்தது. நம் ஊர்க்காரர்கள் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கலாம் என்று துணிந்ததில் எனக்குப் பெருமை. சோதனை கைவிட்ட பிறகும் அதையே பிடித்துக்கொண்டு ஒருவர் இருபது வருஷம் மாத்திரையில்லாமல் இருப்பதில் பெருமை இல்லை.

பச்சிலைக்குப் பேர் வந்தது எப்படி என்றால், தண்ணீராலும் உணவாலும் வரும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் தானாகவே தணிந்துவிடும். பெயர் கடைசியாகச் சாப்பிட்டதற்குப் போகிறது. பி வகையிலும் கண் மஞ்சள் போய்விடும். வைரஸ் போகாது.

பச்சிலையைவிட எனக்குக் கோபம் வருவது பத்தியத்தின் மேல். ‘ஈரல்ல கொழுப்பு’, ‘கொலஸ்ட்ரால்’ என்ற சொற்களைக் கேட்டதும் வீட்டில் எண்ணெய், பருப்பு, முட்டை எல்லாம் நிற்கிறது. கஞ்சியும் மோரும் மட்டும். முற்றிய ஈரல் நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டி. ஈரலில் மாவுச்சத்துச் சேமிப்பு இல்லாததால், ராத்திரிச் சாப்பாட்டுக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில் இருக்கும் பட்டினி, நமக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி மாதிரி அவர்கள் தசையைத் தின்னும். படுக்கப்போகும் முன் ஏதாவது சாப்பிடச் சொல்வது அதற்காகத்தான். இப்படிப்பட்டவரைக் கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும் என்று 12 மணி நேரம் பட்டினி போட்டு என்னிடம் அழைத்து வருகிறார்கள். வேண்டாம். பொதுவான லிபிட் பரிசோதனைக்குச் சாப்பிட்டுவிட்டே வரலாம் என்று ஐரோப்பிய நிபுணர்கள் 2016லேயே சொல்லிவிட்டார்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இட்லி கொடுத்தே கூட்டி வாருங்கள்.

எங்கள் ஊரில் பருப்புக்குப் பஞ்சமா? டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று நாடு முழுக்க விதைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) ரகங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. அந்த டி.எம்.வி. திண்டிவனத்தைக் குறிப்பது. அவித்த மல்லாட்டை ஈரல் நோயாளிக்கு நல்ல புரதம்தான், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் உப்பில்லாமல் அவிக்க வேண்டும். ஆனால் மழையில் நனைந்து பூசணம் பிடித்ததை ‘கொஞ்சம் கசக்குது, அவ்ளோதான்’ என்று தின்னாதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மொத்தமாகச் செத்தன. தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கு இருந்தது. அதில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சு, அஃப்ளாடாக்சின், அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. ஷாங்காய் நகரத்து ஆண்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வில், ஹெபடைடிஸ் பியும் அஃப்ளாடாக்சினும் சேர்ந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வாய்ப்பு, இரண்டும் இல்லாதவர்களைப்போல் சுமார் 60 மடங்கு. வைரஸ் மட்டும் இருந்தால் 7 மடங்கு. எண்ணெய் ஆட்டக் கொடுக்கும்போது பூசணம் பிடித்ததைப் பொறுக்கி எறிவது நஷ்டம் இல்லை.

மயிலத்துக்காரருக்கு டெனோஃபோவிர் மாத்திரை தொடங்கினார்கள். தினம் ஒன்று. வைரஸின் மரபுப்பொருள் ஈரல் செல்லின் உட்கருவில் ஒளிந்து கிடப்பதால் மாத்திரை அதை வேரோடு பிடுங்காது, பெருகாமல் அடக்கி வைக்கும். அதனால் டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. ஈரல் இவ்வளவு கெட்டவர்கள் நிறுத்தினால் வைரஸ் பாய்ந்து எழுந்து ஆளையே முடித்துவிடும். நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன், பிறகு பார்க்கவில்லை. வயிற்றில் தண்ணீர் கோக்கும் அளவுக்குக் கெட்ட ஈரலும் வைரஸ் அடங்கினால் ஓரளவு தேறும் என்று இப்போது மருத்துவ உலகம் ஒப்புக்கொள்கிறது. 2021இல் நடந்த நிபுணர்களின் பவேனோ மாநாட்டில் அதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் தேறாது. தேறாதவர்களுக்கு மாற்று ஈரல்தான் வழி, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அந்த அறுவை செய்கிறார்கள்.

இவருக்குக் கொஞ்சம் தேறியது. பிறகொரு முறை ரத்தம் கொடுக்க வந்தபோது ஆல்புமின் 2.3லிருந்து 3.1 ஆகியிருந்தது, கொலஸ்ட்ரால் 128. “ஏறிடுச்சே மேடம்?” என்று மகன் பதறினார். கொலஸ்ட்ரால் ஏறியதற்கு நான் ஒருவரிடம் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அந்த வீட்டில் மற்றவர்களுக்கும் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது ஒட்டாது, தட்டைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும். பிளேடு, சவரக்கத்தி, பல் துலக்கும் பிரஷ், சுத்தம் செய்யாத ஊசி ஆகியவற்றைப் பொதுவாக வைத்துக்கொள்ளக் கூடாது. தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்கு வருவதுதான் மோசம். பிறந்த பச்சைக் குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பதுக்கு வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், அதில் ஹெபடைடிஸ் பியும் அடக்கம், 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. ஆகவே இன்றைய பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அவர்கள் அப்பா அம்மாக்களைப் பற்றித்தான்.

நீங்கள் முப்பது வயதைத் தாண்டியவராக இருந்து, சின்ன வயதில் இந்த ஊசி போட்ட ஞாபகம் இல்லையென்றால், வாழ்நாளில் ஒரு முறை எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாருங்கள். என்னைப்போன்ற தனியார் கூடத்துக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. 2018 ஜூலை 28ஆம் தேதி தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். இல்லையென்று வந்தால் ஊசியை மூன்று தவணையாகப் போட்டுக்கொள்ளுங்கள். இருக்கிறது என்று வந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பாருங்கள். வீட்டில் ஈரல் சுருங்கியவர் இருந்து, திடீரென்று புலம்பினாலோ வயிறு வலித்தாலோ, காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள்.